எவரிஸ்தோவின் தாளில் நிலம் நடுங்கவில்லை

அதிகாலை மூன்று பதினொன்றுக்கு
இழுப்பறைக்குள் கரண்டிகள் பேசிக்கொண்டன.
எழுந்து வாசல் நிலைக்குக் கீழே நின்றோம்.
அம்மா முப்பத்தொன்று வரை எண்ணினாள்,
பிறகு தண்ணீரை அடுப்பில் வைத்தாள்.
சிலேயில் இதற்கெல்லாம் பள்ளி விடுமுறை கிடையாது.

முதல் வகுப்பே கணக்கு.
ஓலாவே சார் பலகையில் மூன்று ஊர்ப் பெயர் எழுதினார்,
எதிரே மூன்று தூரம்.
ஒரு கட்டம் பத்து கிலோமீட்டர்,
நம் பள்ளிதான் ஆதிப்புள்ளி,
எங்கே நடுங்கியது என்று கேட்டுவிட்டு
ஜன்னல் கொக்கியைச் சரிசெய்யப் போய்விட்டார்.

பதிவு நிலையத்துக்குத் தூரம் தெரியும், திசை தெரியாது.
ஐம்பது கிலோமீட்டர் என்று அது சொன்னால்
ஐம்பதில் இருக்கும் அத்தனை இடமும் குற்றவாளி.
அந்தச் சந்தேகத்துக்குத்தான் வட்டம் என்று பெயர்.

x² + (y − 4)² = 25

இருபத்தைந்தைப் பார்த்ததும்
கவராயத்தின் காலை அகட்டப் போனேன்.
வர்க்கமூலம் எடுக்காத ஆரம்
பெட்டியோடு சேர்த்து நிறுத்த மீன்.
ஐந்து. வெறும் ஐந்து கட்டம்.

(x − 2)² + (y + 7)² = 100

இங்கேதான் எவரிஸ்தோ வழுக்கினான்.
கழித்தல் என்றால் இடப்பக்கம்தானே,
கூட்டல் என்றால் மேலேதானே என்று
கண்ணை நம்பி ஊசியைக் குத்திவிட்டான்.
"நிலையத்தைக் கடலில் வைத்திருக்கிறாய்" என்றேன்.
அடைப்புக்குறிக்குள் இருப்பது முகவரி இல்லை,
மையத்துக்குப் போய்ச் சேர்ந்தால்
எதைச் சேர்த்தால், எதைக் கழித்தால்
பூஜ்யமாகும் என்கிற கணக்கு.
வலப்பக்கம் இரண்டு, தெற்கே ஏழு.
நான் சொல்லி முடிப்பதற்குள்
அவனுடைய பெரிய வட்டம்
சின்ன வட்டத்தை முழுசாக விழுங்கியிருந்தது.
எங்கும் தொடவில்லை.

"அப்படியென்றால் நிலம் நடுங்கவே இல்லை" என்றான்.
வகுப்பு சிரித்தது.
பின்வரிசை பர்னாபே சிரிக்கவில்லை.
அவர்கள் வீட்டுப் புகைபோக்கி
பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டில் கிடந்தது.

நான் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன்.
வர்க்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போயின.
வளைவெல்லாம் போய்
நடுவில் ஒரு கோடு நின்றது:

−2x + 11y = 19

இரண்டு வட்டங்களின் வழக்கு
இவ்வளவு நேராகவா முடியும் என்று
பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஊர் நூற்று இருபத்தெட்டு என்றது.
வர்க்கம் எடுத்தால்
நூற்று அறுபத்து மூன்று புள்ளி எட்டு நான்கு.
யாரும் பரீட்சையில் வைக்காத எண்.
வரைந்தேன்.
மூன்றும் ஒரே புள்ளியில் வந்து கைகுலுக்கும் என்று நினைத்தேன்.
வரவில்லை. ஒரு சின்ன முக்கோணம்,
மெர்லூசா மீனின் செதில் அளவு,
உள்ளே ஒன்றுமில்லாமல்.
பாடப்புத்தக வட்டங்களுக்கு வழியில் பாறை கிடையாது.

மேற்கே நாற்பது, வடக்கே பத்து.
கடல்.
மில்லாராய் நேற்றிரவு வலை போட்ட இடம்.

இடைவேளையில் அக்காவுக்கு ஃபோன் போட்டேன்.
"மூன்று பதினொன்றா?
என்ஜின் ஒருமுறை இருமியது.
டீ குடித்துக்கொண்டிருந்தோம்,
கோப்பை ஆடவில்லை.
ஏன், உங்களுக்கு என்ன?"
கரண்டிகளைப் பற்றிச் சொன்னேன்.
முப்பத்தொன்றைச் சொல்லவில்லை.
மையத்தில் மிதந்தவளிடம் ஆரத்தை எப்படி விளக்குவது?

திரும்பி வந்தபோது
எவரிஸ்தோ ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தான்.
பெரிய வட்டம் போய்விட்டது,
தாள் கொஞ்சம் மயிர்விட்டிருந்தது.
(−2, 7)இல் ஊசி குத்திய துளை மட்டும் அப்படியே.
அங்கே எந்த நிலையமும் இல்லை.